வெட்டுவாயில் நுழைந்த நோய்

2001 நவம்பரில் பிரான்சு அரசு சோடியம் ஆர்சனைட்டைத் தடைசெய்தது. நகரத்தில் இருந்தவர்கள் அந்தச் செய்தியைக் கவனித்திருக்கவும் மாட்டார்கள். பொர்தோவுக்குத் தென்கிழக்கே, கரோன், தோர்தோன் என்ற இரண்டு ஆறுகளுக்கும் இடைப்பட்ட மேட்டு நிலத்தில் திராட்சைக் கொடிகளை நம்பிப் பிழைத்த எங்களுக்கோ அதோடு ஒரு காலம் முடிந்தது. அடிமரத்துக்குள் இருந்துகொண்டு கொடியைத் தின்னும் பூஞ்சைகளை அடக்கிவைக்க எங்களிடம் இருந்த ஒரே மருந்து அதுதான். மாற்று எதுவும் கையில் இல்லாத நேரத்தில் அதைப் பறிகொடுத்தோம். தடை சரியானது என்று அன்றும் நினைத்தேன், இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதற்குப் பிறகு அந்த மண்ணில் நடந்தவற்றை உள்ளே நின்று பார்த்தவன் நான். பார்த்ததை எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றுகிறது.

நான் யாழ்ப்பாணத்து உரும்பிராய்க்காரன். 1983 இனக்கலவரத்துக்குப் பிறகு ஊரைவிட்டுக் கிளம்பி, பாரிசில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். செப்டம்பரில் திராட்சைப் பழம் ஆய ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு நண்பன் ஒருவனோடு பொர்தோப் பக்கம் போனேன். அறுவடை முடிந்ததும் அவன் பாரிசுக்குத் திரும்பினான், நான் நின்றுவிட்டேன். ஊரில் திராட்சையை முந்திரிகை என்போம். அப்பா வளவுக்குள் முந்திரிகைப் பந்தல் வைத்திருந்தவர். செம்மண்ணிலும் கிணற்றுத் தண்ணீரிலும் வளர்ந்த கொடிகள். அந்தப் பழக்கம் கையில் இருந்ததால் இந்த வேலை எனக்கு அந்நியமாகப் படவில்லை. இங்கே பந்தல் கிடையாது. கம்பி இழுத்துக் கட்டிய நிரைகள், எக்டேருக்கு 4,000 கொடி அளவில். மழையை நம்பிய விவசாயம். குளிர்காலம் முழுக்கக் கவாத்து, அதன்பின் கம்புகளை வளைத்துக் கட்டுவது, மே மாதத்தில் அடிமுளை கிள்ளுவது, பிறகு இலை கழிப்பது, கடைசியில் பழம் ஆய்வது. வருடம் இப்படியே சுற்றும்.

ஆர்சனைட் அடிக்கும் வேலை பிப்ரவரி, மார்ச்சில் வரும். கவாத்து முடிந்திருக்கும், முளை விரிந்திருக்காது. இலையில்லாத வெறும் கட்டைகள்மீது பட்டை நனையும்படி அடிப்பார்கள். ட்ராக்டர் ஓட்டியவர் ஒரு போர்த்துக்கீசர். என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். எனக்குக் கவாத்தும் பிரெஞ்சும் சொல்லித்தந்தவர் அவர்தான். நான் அவரை அண்ணை என்றே மனசுக்குள் வைத்திருந்தேன், இங்கேயும் அப்படியே சொல்கிறேன். அந்தக் காலத்து ட்ராக்டருக்குக் கூண்டு கிடையாது. காற்று திரும்பினால் மருந்து முகத்தில்தான் விழும். மழை அங்கி, ரப்பர் சப்பாத்து, கையுறை, அவ்வளவுதான் காப்பு. நான் கலக்கிக் கொடுப்பேன், நிரைக் கடைசியில் குழாய் பிடித்து மிச்சக் கொடிகளுக்கு அடிப்பேன். அது பாஷாணம் என்று எல்லோருக்கும் தெரியும். டப்பாவில் மண்டையோடு போட்டிருக்கும். தெரிந்தும் அடித்தோம்.

பின்னேரம் வீட்டுப் படியில் மனைவி மறித்துக்கொண்டு நிற்பாள்.

"இஞ்சாருங்கோ, அந்த உடுப்போட உள்ளுக்க வராதேங்கோ. பிள்ளை தவழுது."

வெளியே குழாயடியில் எல்லாவற்றையும் கழற்றிப்போட்டுக் குளித்துவிட்டுத்தான் உள்ளே போவேன். தோட்டத்தில் எங்களைக் காக்கவென்று யாரும் எழுதிவைத்த விதிகளைவிட அவளுடைய அந்த ஒரு விதி கடுமையானது. நான் இன்று இருமாமல் இருப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

தடை வந்த அடுத்த கோடையில் பெரிதாக ஒன்றும் தெரியவில்லை. மரத்தில் ஊறியிருந்த மருந்து இன்னும் வேலை செய்துகொண்டிருந்தது. அதற்கடுத்த கோடைகளில்தான் தொடங்கியது. ஜூன் கடைசியில் இலை நரம்பையொட்டிப் பச்சை மிஞ்சியிருக்க, இடைப்பட்ட இடம் மஞ்சளாகி, ஓரம் சிவந்து கருகும். புலிக்கோடு என்று அதைச் சொல்வார்கள். எஸ்கா என்ற நோயின் முகம் அது. சில கொடிகள் அந்த முன்னறிவிப்பையும் தராது. இடிமழை பெய்து அடுத்து வெயில் கொளுத்தினால், குலைகளோடு பச்சையாக நின்ற கொடி இரண்டு மூன்று நாளில் அப்படியே வாடிச் சாகும். வசந்தத்திலேயே இன்னொரு நோய் தெரியும். கொடியின் கை என்று நாங்கள் சொல்லும் பெருங்கிளை ஒன்று முழுக்க முளைகள் குட்டையாக, இலைகள் சிறுத்துச் சுருண்டு, வெளிறிப்போய் நிற்கும். அது யூட்டைப்பா. மூன்றாவதாக பொட்ரியோஸ்பேரியா குடும்பத்துப் பூஞ்சைகள், கையைக் கருக்கிக் கொல்பவை. ஒரே அடிமரத்தில் இவை எல்லாம் சேர்ந்தே குடியிருக்கும் என்பது பிறகு தெரியவந்தது.

எங்களைக் குழப்பியது வேறொன்று. இந்த வருடம் புலிக்கோடு காட்டிய கொடி அடுத்த வருடம் ஒன்றும் நடக்காததுபோல் நிற்கும். அதை நம்பி விட்டுவைத்தால் அதற்கடுத்த ஆகஸ்டில் சாகும். எது பிழைக்கும், எது போகும் என்று பட்டையைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது. திராட்சை வகைகளில் சொவிஞோன் நிரைகளும் கபர்னே சொவிஞோன் நிரைகளும் மோசமாக அடிவாங்கின. மெர்லோ ஓரளவு தாக்குப்பிடித்தது. இருபது, முப்பது வயதில், மதுவுக்கு நல்ல பழம் தரும் பருவத்தில் இருக்கும் கொடிகள்தான் அதிகம் செத்தன. அதைப் பார்த்துக்கொண்டு நிற்பது கொடுமையாக இருந்தது.

ஊர் மண்டபத்தில் கூட்டங்கள் நடந்தன. விவசாயிகள் அரசைத் திட்டினார்கள். மருந்தைத் திருப்பித் தா, இல்லையென்றால் நட்டஈடு தா என்றார்கள். அந்தக் கோபம் எனக்குப் புரிந்தது. ஆனால் மேடையில் பேசியவர்களில் மருந்து அடித்த கூலியாட்கள் ஒருவரும் இல்லை என்பதையும் கவனித்தேன். மண்ணுக்குப் போடும் உப்பு, இலைக்கு அடிக்கும் பாசிச்சாறு, அடிமரத்தில் துளையிட்டு ஏற்றும் திரவம் என்று எதையெதையோ விற்க ஆட்கள் வந்தார்கள். மதாம், எங்கள் முதலாளியம்மா, சிலவற்றை வாங்கிப் பார்த்தார். கொடிகள் செத்துக்கொண்டுதான் இருந்தன.

செத்த இடங்களில் புதுக் கன்று நட்டோம். எல்லோரும் முதலில் செய்தது அதுதான். ஆனால் பழைய கொடிகளுக்கு நடுவே வைத்த கன்று எளிதில் தேறாது. வேர் விட இடம் இல்லை, தண்ணீருக்குப் போட்டி, ட்ராக்டர் கருவியில் அடிபடுவது வேறு. காய்க்க மூன்று நான்கு வருடம் பிடிக்கும். அதற்குள் பக்கத்துக் கொடி போய்விடும். போதாததற்கு, பிலோக்செரா பூச்சி 19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கொடிகளை அழித்ததிலிருந்து எல்லாமே அமெரிக்க அடிக்கட்டையில் ஒட்டுக்கட்டிய கன்றுகள். ஒட்டு இடமும் ஒரு காயம்தான். நாற்றுப்பண்ணையிலிருந்தே பூஞ்சையோடு வந்து சேர்ந்த கன்றுகள் இருந்தன. பிரான்சு முழுக்கப் பத்துக் கொடியில் ஒன்றுக்கு மேல் இந்த நோய்களால் பயனற்றுப் போனதென்று பின்னால் கணக்குச் சொன்னார்கள். எங்கள் சொவிஞோன் பாத்தியில் நிரையைப் பார்த்தாலே அது தெரிந்தது. பல் விழுந்த வாய்.

அண்ணை ஓய்வு பெற்ற பிறகுதான் நோய்ப்பட்டார். நுரையீரல் புற்று. பிரான்சில் விவசாயத் தொழிலாளருக்கான தொழில்நோய்ப் பட்டியலில் ஆர்சனிக் இருக்கிறது, உரிமை கேட்கலாம் என்று அவருடைய மகள்தான் கண்டுபிடித்தாள். எந்த வருடம், எந்தப் பாத்தியில், எந்த உடுப்போடு அடித்தோம் என்று என்னிடம் எழுதிக் கேட்டார்கள். தெரிந்ததையெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். விண்ணப்பம் ஏற்கப்பட்ட கடிதம் வந்தபோது அவர் படுக்கையில் இருந்தார். கடிதத்தை வாசித்துக் காட்டினேன். சிறிது நேரம் கழித்து, "கபர்னே எப்பிடி இருக்கு, தம்பி?" என்றுதான் கேட்டார். அதன்பின் யாராவது என்னிடம் அந்த மருந்தைத் தடைசெய்திருக்கக் கூடாது என்று சொன்னால் என்னால் பொறுமையாகப் பதில் சொல்ல முடிவதில்லை.

திருப்பம் வந்தது மருந்துக் கடையிலிருந்து அல்ல, கவாத்துக் கத்தரியிலிருந்து. வெளியிலிருந்து ஒரு பயிற்சியாளர் வந்தார். வந்ததும் அவர் செய்த முதல் வேலை, பிடுங்கிப்போட்ட கட்டைகளை எடுத்து நீளவாக்கில் வாளால் பிளந்து தரையில் அடுக்கியது. ஒவ்வொரு கட்டையிலும் கறுப்புக் கோடும் பழுப்புத் திட்டும், நடுவில் தொட்டால் மெத்தென்று அமுங்கும் வெளிறிய இற்றலும் இருந்தன. அவற்றின் தொடக்கத்தை விரலால் காட்டிக்கொண்டே மேலே போனார். ஒவ்வொன்றும் ஒரு பழைய பெரிய வெட்டில் போய் முடிந்தது. யாருடைய கையோ வைத்த வெட்டு.

பூஞ்சை கொடிக்குள் போகும் வாசல் கவாத்துக் காயம். செத்த மரத்தில் விளையும் அதன் வித்துகள் மழையில் வெளிப்பட்டு, காற்றிலும் தெறிக்கும் நீரிலும் பரவி, பச்சைக் காயத்தில் இறங்குகின்றன. காயம் வாரக்கணக்கில் திறந்திருக்கும். மழை ஈரம் காயாமல் முந்திரிகையில் கத்தி வைக்கக் கூடாது என்று அப்பா எங்களை விரட்டுவார். ஏன் என்று அவரும் சொன்னதில்லை, நாங்களும் கேட்டதில்லை. பொர்தோவில் அந்தக் காரணத்தைக் கேட்டபோது அவரை நினைத்துக்கொண்டேன்.

காயத்தின் அளவும் இடமும் இன்னும் முக்கியம். ஒரு கிளையை வெட்டினால் வெட்டுக்கு உள்ளே மரம் ஓரளவு ஆழத்துக்குக் காய்ந்து சாகும். ஒரு வருடக் கிளையென்றால் காய்வது கொஞ்சம்தான். தடித்த பழைய கையை அடிமரத்தோடு ஒட்டச் சீவினால் அந்தக் காய்வு அடிமரத்துக்குள்ளேயே இறங்கி, சாறு ஓடும் பாதையை அடைக்கும். எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு பெரிய வெட்டு விழுந்தால் கொடி கழுத்து நெரிந்த நிலைதான். ஆகவே பெரிய வெட்டு வேண்டாம். தவிர்க்க முடியாதபோது கிளையின் தடிப்பளவுக்காவது ஒரு குற்றி விட்டு வெட்டு. காய்வது அந்தக் குற்றியில் நிற்கட்டும். அது காய்ந்தபின் அடுத்த வருடம் கழிக்கலாம். பயிற்சியாளர் சொன்னதன் சாரம் இவ்வளவே.

இது புதிதல்ல என்பதுதான் என்னை உறுத்தியது. எங்களுக்கு வடக்கே, கொன்யாக் பிராந்திக்குப் பெயர்போன ஷாரந்த் பகுதியில் எழேன் பூசார் என்ற திராட்சை விவசாயி, வெட்டெல்லாம் கையின் மேல்பக்கத்திலேயே விழும்படி கவாத்து செய்யும் முறையை வகுத்திருந்தார். அடுத்த வருடத்துக்கான குட்டைக்கிளையைப் பழக்கம்புக்குக் கீழே விட்டால், கீழ்ப்பக்கச் சாறு தடையில்லாமல் ஓடிக்கொண்டே இருக்கும். கொடி திடீரென்று வாடிச் சாவதை இந்த முறை தடுக்கும் என்று ரெனே லஃபோன் 1921இலேயே நூல் எழுதி வெளியிட்டார். எண்பது வருடம் அது யாருக்கும் தேவைப்படவில்லை. ஏன் தேவைப்படவில்லை என்றால் பாஷாணம் இருந்தது. மருந்து வேலை செய்தவரையில் எப்படி வெட்டினாலும் கொடி ஓடியது. அந்த வசதியில் கைவினை மறந்தது.

மறந்ததற்குக் கூலி முறையும் காரணம். பொர்தோவில் கவாத்துக்கு ப்ரி-ஃபே என்றொரு வழக்கம் உண்டு. இத்தனை கொடிக்கு இவ்வளவு காசு என்று பேசிக்கொடுத்துவிடுவார்கள். கெதியாக வெட்டுகிறவனுக்கு நல்ல வரும்படி. கைக்கத்தரியில் தடித்த கட்டையை வெட்டக் கஷ்டம் என்பதால் முந்தி ஆட்கள் யோசித்தாவது வெட்டினார்கள். மின்கத்தரி வந்தபின் பெருவிரல் தடிப்பான மரமும் ஒரே அமுக்கில் போனது. வெட்டு வழுவழுவென்று, பார்க்க வடிவாக, அடிமரத்தோடு ஒட்டியிருக்க வேண்டும் என்பது மேற்பார்வையாளர்களின் ஆசை. குற்றி விட்டால் சோம்பேறி வெட்டு என்பார்கள். இந்த மூன்றும் சேர்ந்து செய்த கேட்டை ஆர்சனைட் மூடிவைத்திருந்தது. அது போனதும் எல்லாம் வெளியே வந்தது. இந்த நோயைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பது இதுதான்.

இத்தாலியின் ஃப்ரியூலி பகுதியிலிருந்து மார்க்கோ சிமோனித், பியர்பாவ்லோ சிர்ச் என்ற இருவர் இதே கருத்தை ஐரோப்பா எங்கும் கற்பித்துக்கொண்டிருந்தார்கள். பொர்தோப் பல்கலைக்கழகமே பின்னாளில் கவாத்துக்கென்று ஒரு பட்டயப் படிப்பு வைத்தது. கூலியாளின் வேலை என்று ஒதுக்கப்பட்டது படிப்பானபோது எனக்கு மனம் நிறைந்தது.

நல்ல வெட்டு இனி வரும் நோயைத்தான் தடுக்கும். உள்ளே ஏற்கெனவே இற்றுக்கொண்டிருந்த கொடிகளுக்கு என்ன செய்வது? அங்கேயும் பழைய அறிவு உதவியது. முற்காலத்தில் நோய்ப்பட்ட அடிமரத்தைப் பிளந்து, பிளவு மூடாமல் இடையில் கல்லைச் செருகிக் காற்றுப்பட விடுவார்களாம். அதன் இன்றைய வடிவம், சிறிய சங்கிலி வாளால் அடிமரத்தைத் திறந்து வெளிறிய இற்றலைச் சுரண்டி எடுப்பது. ஒரு கொடிக்கே பல நிமிடங்கள் பிடிக்கும். எங்கே உயிருள்ள மரம் முடிகிறது, எங்கே இற்றல் தொடங்குகிறது என்று வாளின் சத்தத்திலும் தூளின் நிறத்திலும் கண்டுகொள்ள வேண்டும். ஒரு பக்கத்துப் பட்டையையும் அதற்கு உள்ளே உள்ள உயிருள்ள மரத்தையும் முழுதாக விட்டால் போதும், கொடி அதை வைத்துப் பிழைக்கும். நாங்கள் திறந்த கொடிகள் எல்லாம் பிழைக்கவில்லை, ஆனால் பாதிக்கு மேல் அடுத்த கோடையில் நோய்க்குறி காட்டாமல் நின்றன. அந்த இற்றலில்தான் எஸ்காவின் விசை இருக்கிறது, ஆர்சனைட்டும் அங்கேயிருந்த பூஞ்சையைத்தான் அடக்கியது என்று பொர்தோ ஆய்வாளர்கள் பின்னர் காட்டினார்கள். பாஷாணம் செய்த வேலையை வாளும் பொறுமையும் செய்யலாம் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

யூட்டைப்பாவுக்கு வேறு வழி. ஆகஸ்டில் எஸ்காவுக்கும் மே மாதத்தில் யூட்டைப்பாவுக்குமாக நிரைநிரையாக நடந்து நோய்க்கொடிகளில் நிறப்பட்டி கட்டுவோம். அடிமுளை கிள்ளும்போது பட்டி கட்டிய கொடியில் மட்டும் ஒட்டுக்கு மேலே ஒரு நல்ல முளையை விட்டுவைக்க வேண்டும். அந்த முளை தடித்ததும், கீழே சுத்தமான மரம் தெரியும்வரை பழைய அடிமரத்தை அறுத்தெறிந்து, முளையைப் புது அடிமரமாக ஏற்றலாம். வேர் பழையது, ஆகவே புதுக் கன்றைவிட வெகு முந்திக் காய்க்கும். பருவகால வேலைக்கு வரும் மொரோக்கோப் பொடியன்களுக்கு நான் முதலில் காட்டுவது இந்தப் பட்டிகளைத்தான். பழக்க தோஷத்தில் எல்லா அடிமுளையையும் கிள்ளிவிட்டால் அந்தக் கொடி போச்சு.

மற்றவை எல்லாம் சிறிய வேலைகள், ஆனால் விட முடியாதவை. நோய்க்கு எளிதில் ஆட்படும் சொவிஞோனையும் கபர்னேயையும் கடைசியில், மார்ச்சில் வெட்டுவோம். சாறு ஏறத் தொடங்கியிருக்கும், வெட்டில் நீர் வடியும், காயம் கெதியாக மூடும். வெட்டிய கையோடு ட்ரைக்கோடெர்மா அடிப்போம். நல்ல பூஞ்சை காயத்தில் முந்திக்கொண்டால் கெட்டதற்கு இடமில்லை. ஆனால் கடுங்குளிரில் அது பிடிக்காது, உள்ளே புகுந்துவிட்ட நோயையும் ஒன்றும் செய்யாது. செத்த கட்டைகளை நிரைக் கடைசியில் குவித்து மழையில் விடுவது முந்தைய வழக்கம். இப்போது குளிர்மழை தொடங்குமுன் எரித்துவிடுகிறோம்.

இவ்வளவும் செய்து கபர்னே பாத்தி நிமிர்ந்து வந்த நேரத்தில் வேறொரு இடி விழுந்தது. பொர்தோ மது விலைபோகவில்லை. 2022 டிசம்பரில் விவசாயிகள் நகரத்தில் ஊர்வலம் போனார்கள். அடுத்த வருடம், கொடிகளைப் பிடுங்கினால் எக்டேருக்கு 6,000 யூரோ என்ற திட்டம் வந்தது. கைவிடப்பட்ட தோட்டங்கள் நோய்க் கிடங்காகிவிடும் என்பதும் அதற்குச் சொன்ன காரணங்களில் ஒன்று. அது உண்மைதான். கவாத்து இல்லாமல் விட்ட பாத்தியை அயலில் வைத்துக்கொண்டு யாரும் நோயோடு போராட முடியாது. மதாமும் கையெழுத்திட்டார். மெர்லோவில் ஒரு பகுதியும் நாங்கள் வாள்போட்டுத் திறந்த கொடிகளில் ஒரு பாத்தியும் பிடுங்கப்பட்டன.

இயந்திரம் இழுத்துப்போட்ட குவியலில் பட்டித் தடம் இருந்த கட்டைகளைத் தேடி எடுத்து அறுத்துப் பார்த்தேன். குழியைச் சுற்றிப் புது மரம் உருண்டு திரண்டு வளர்ந்திருந்தது. வெள்ளை, ஈரம், ஒரு கறுப்புக் கோடு இல்லை. எல்லாவற்றிலும் அப்படியில்லை, சிலவற்றில் இற்றல் மீண்டும் கீழே இறங்கியிருந்தது. ஆனால் பலவற்றில் கொடி தன்னைத்தானே கட்டி எழுப்பியிருந்தது. அண்ணை இருந்தால் காட்டியிருப்பேன். கைப்பேசியில் படமெடுத்து மதாமிடம் கொண்டுபோனேன். அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, பிடுங்கியிருக்க வேண்டாமோ என்று கேட்டார். விலைபோகாத பழத்துக்கு நான் என்ன சொல்ல முடியும்? மிஞ்சியிருக்கும் கபர்னேயைப் பற்றித்தான் பேசினேன்.

அந்தப் பேச்சில் ஒன்று முடிவானது. மிஞ்சிய கபர்னேயிலும், பூசார் முறையில் சின்னக் கன்றிலிருந்தே வளர்த்துவரும் புதுப் பாத்தியிலும் இனி ப்ரி-ஃபே இல்லை. அங்கே கவாத்து செய்கிறவர்களுக்கு மணிக்கணக்கில் கூலி. புதுப் பாத்திக்கு இப்போது ஆறு வயது. இந்த நோய்கள் எட்டு, பத்து வயதுக்குப் பிறகுதான் பெரும்பாலும் முகம் காட்டும் என்பதால் வென்றோமா என்று சொல்ல இன்னும் காலம் வரவில்லை. போன மார்ச்சில் இரண்டு பொடியன்கள் அங்கே வேலை செய்தார்கள். கொடிக்கு முன்னால் நின்று, போன வருடத்து வெட்டு எந்தப் பக்கம் என்று பார்த்துவிட்டுத்தான் கத்தரியை எடுத்தார்கள். யாரும் அவர்களைக் கெதியாக வெட்டு என்று சொல்லவில்லை.